தங்கச்சி புள்ளைங்களுக்கு சைக்கிள்: பழசு வாங்குறதா, பார்ட்ஸ் வாங்கி நாமளே பூட்டுறதா? (கையில 7000)

தேனிக்காரன்82

வணக்கம் மக்களே. ரெண்டு வருஷமா ஓரமா நின்னு வேடிக்கை பாத்துட்டு இருந்தவன், இப்ப வேற வழியில்லாம இழை போடுறேன்.

தங்கச்சிக்கு ரெண்டு புள்ளைங்க. மருமக ஏழாவது, மருமகன் மூணாவது. பொங்கலுக்கு வந்திருந்தப்ப வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம "பெரிய லீவுக்கு வாங்க, ஆளுக்கொரு சைக்கிள் நிக்கும்"னு சொல்லித் தொலைச்சிட்டேன். அன்னையில இருந்து வாரம் ஒரு போன், "மாமா கலர் என்ன மாமா"ன்னு. கலரா, இன்னும் சைக்கிளே இல்லையேடா.

கையில ரெண்டுக்கும் சேத்து ஏழாயிரம் இருக்கு. கடையில கேட்டேன், பையனுக்கு 20 இஞ்ச் சாதா மாடலே 5800, பொண்ணுக்கு லேடீஸ் 26 இஞ்ச் 6900ங்கிறான். கதை முடிஞ்சுது. இப்ப ரெண்டு யோசனை இருக்கு. ஒண்ணு, ரெண்டையும் செகண்ட் ஹேண்ட்ல எடுக்குறது. இன்னொண்ணு, எங்க ஊர் காயலான் கடையில சின்னப் புள்ளைங்க சைக்கிள் குவியலா கெடக்கு, வெயிட்டு போட்டு குடுக்குறாரு, ரெண்டு பிரேம் எடுத்து மிச்சத்த வாங்கி நாமளே பூட்டிடலாமான்னு. போக, எங்க மாட்டுக்கொட்டாயில தங்கச்சி பள்ளிக்கூடம் போன லேடீஸ் சைக்கிள் கெடக்கு, 2005ல அப்பா வாங்கிக் குடுத்தது. சீட்ட எலி தின்னுருச்சு, செயின் இரும்புக் கம்பி கணக்கா வெறச்சுப் போய் நிக்கிது. அத தூக்கிப் போடுறதா வேணாமான்னும் தெரியல.

பஞ்சர் ஒட்டத் தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது.

கணக்குப்புள்ள

ப்ரோ, பூட்டுற ஆசை எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்துச்சு, அண்ணன் பையனுக்குன்னு ஆரம்பிச்சு கைய சுட்டுக்கிட்டேன். வெறும் பிரேமும், முன் சக்கரத்த புடிக்கிற போர்க்கும் மட்டும் இருக்குன்னு வச்சுக்கங்க, நான் கோவையில எங்க ஏரியா கடையில குடுத்த வெலைய சொல்றேன். டயர் ரெண்டு 600, டியூப் 260, ரிம்மு ரெண்டு 900, கம்பி ரெண்டு வீலுக்கும் 360, ஹப்பு (வீலு நடுவுல இருக்குற குடம்) ரெண்டு 500, செயின் 180, பிரீவீல் (பின் வீலுல செயின் ஓடுற பல்சக்கரம்) 150, பிரேக் செட்டு 350, சீட்டு 350, பெடல் 180, நடு அச்சு (பெடல் சுத்துற அச்சு) செட்டு 200, கம்பி கோத்து பூட்டுன கூலி 700. கூட்டிப் பாருங்க, 4730. இதுல பிரேம் காசு இல்ல, பெயிண்ட் இல்ல, நான் மூணு ஞாயித்துக்கெழம அலைஞ்சது இல்ல. அதுக்கு மேல ஆயிரம் போட்டா உங்க கடைக்காரர் பில்லோட புதுசு குடுக்குறாரு.

தனித்தனியா வாங்குனா எதுவுமே சீப் கெடையாது. முழுசா ஓடுற பழைய சைக்கிள எடுங்க, முடிஞ்சுது.

பால்ரஸ்பாண்டி

தேனிக்காரரே, மொதல்ல மூணு விசயம் சொல்லுங்க. புள்ளைங்க உயரம் என்ன, வயசு வேணாம், உயரம். ரெண்டாவது, அந்த லேடீஸ் சைக்கிள் டயர் ஓரத்துல என்ன நம்பர் அடிச்சிருக்கு. மூணாவது, பெடல் கட்டைய புடிச்சு உள்ளுக்கும் வெளிக்கும் ஆட்டிப் பாருங்க, பெடல் கட்டைன்னா கால் வைக்கிறது இல்ல, அத நடு அச்சோட சேக்குற கிராங்கு. லொடலொடன்னு ஆடுதா, ஆடாம இருக்கா.

யாருன்னு கேட்டா, விருதுநகர் பக்கம், எங்கப்பா வாடகை சைக்கிள் கடை வச்சிருந்தாரு, நான் நடந்ததுக்கு முன்னாடியே டயர உருட்டுனவன். இப்ப கடை இல்ல, டூல்ஸ் பெட்டி இருக்கு.

கணக்குப்புள்ள சொன்ன கணக்கு சரி. ஆனா அது வெறும் பிரேம்ல இருந்து பூட்டுற கணக்கு. காயலான் கடை பிரேமுக்கு அது பொருந்தும். மாட்டுக்கொட்டாய் சைக்கிளுக்கு பொருந்தாது.

தேனிக்காரன்82

அண்ணே, போன்ல தங்கச்சிய வச்சு செவுத்துல அளக்கச் சொன்னேன். மருமக 149 செ.மீ., மருமகன் 123. டயர்ல 26 × 1 3/8ன்னு இருக்கு, பக்கத்துல சின்னதா 37-590. கிராங்கு ஆடல, ஆனா சுத்தவும் இல்ல, இறுகிப் போயிருக்கு.

பால்ரஸ்பாண்டி

இறுகி இருக்கறது நல்லது, ஆடுறதுதான் கெட்டது. உள்ள கிரீஸ் காஞ்சு களிமண்ணா ஆயிருக்கும், அவ்ளோதான்.

149க்கு 26 இஞ்ச் லேடீஸ் பிரேம் தாராளமா ஓட்டலாம், குறுக்க பார் இல்லாததால ஏறி எறங்க சிரமம் கெடையாது, சீட்ட முழுசா எறக்கி வச்சு ஆரம்பிக்கச் சொல்லுங்க, உக்காந்தா ரெண்டு கால் முன்பாதமும் தரையில படணும். 123க்கு 20 இஞ்ச். "வளர்ற புள்ளதானே"ன்னு 24 வாங்கிக் குடுத்துறாதீங்க. சட்டை தச்சாதான் ரெண்டு இஞ்சு விட்டு தைக்கணும், சைக்கிள்ல கால் எட்டலைன்னா பயந்துருவான்.

அதனால என் யோசனை: பையனுக்கு பழசா முழு சைக்கிள் வாங்குங்க, பொண்ணுக்கு அவங்க அம்மா சைக்கிளயே பூட்டுங்க. காயலான் கடைப் பக்கமே போவாதீங்க.

ரெண்டுசக்கரம்

சென்னையில இருந்து. நான் பாண்டி அண்ணன் அளவுக்கு டெக்னிக்கல் இல்ல, ஆனா பழசு எங்க கெடைக்கும்னு சொல்றேன். எங்க அப்பார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல புள்ளைங்க சைக்கிள் மட்டும் இருபதுக்கு மேல தூசி படிஞ்சு நிக்கிது. பாதி சைக்கிள் முழுசா ஒரு வருஷம் கூட ஓடியிருக்காது, பையன் வளந்துட்டான், இல்ல போன் வந்துருச்சு. அசோசியேசன் வாட்ஸப்ல "தூக்கிட்டுப் போனா போதும்"னு போடுவாங்க. மதுரையில உங்களுக்கு சொந்தக்காரங்க யாராவது அப்பார்ட்மெண்ட்ல இருந்தா அவங்கள கேக்கச் சொல்லுங்க, ஓஎல்எக்ஸ் எல்லாம் அப்புறம்.

இன்னொண்ணு, 2025 செப்டம்பர் 22ல இருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 ஆக்கிட்டாங்க. பழைய வெலப்பட்டியல வச்சு பேசுற கடையா இருந்தா இத கேளுங்க. ஸ்பேர்ஸுக்கும் 5 தான்.

பையனுக்கு முன்னாடி ஷாக் அப்சார்பர், கியர் வச்சதா பாருங்க, குஷியாயிருவான்.

பால்ரஸ்பாண்டி

கடைசி வரிய மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன் தம்பி. 123 செ.மீ. பையன் ஒரு 24 கிலோ இருப்பான். சாதா 20 இஞ்ச் சைக்கிளே 12, 13 கிலோ வரும். அதுல மலிவு ஷாக்கும் கியரும் சேத்தா இன்னும் ரெண்டு கிலோ. 65 கிலோ ஆள 38 கிலோ சைக்கிள் ஓட்டச் சொன்னா ஓட்டுவீங்களா? அந்த வெல ஷாக்குக்குள்ள ஒரு ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக்கும்தான், ஒரு மழைக்கு அப்புறம் அமுங்குறதும் இல்ல. கியர்னா, செயின பல்லு மாத்தி விடுற டிரெய்லர் வளைஞ்சா வீட்ல யாரும் சரி பண்ண முடியாது. சிங்கிள் ஸ்பீடு, ரெண்டு பிரேக், நல்ல வீலு. போதும்.

ரெண்டுசக்கரம்

சரண்டர் அண்ணே. அந்த 38 கிலோ கணக்கு நல்லாத்தான் இருக்கு.

தேனிக்காரன்82

நடுவுல ஒரு சந்தேகம். பக்கத்துத் தெருவுல ஒருத்தர் மகளுக்கு பள்ளிக்கூடத்துல குடுத்த இலவச சைக்கிள் பிரிக்காத கணக்கா நிக்கிது, அந்தப் பொண்ணு பஸ்ல போறா, 2500க்கு எடுத்துக்கிறியான்னு கேக்குறாரு. வாங்கலாமா?

கணக்குப்புள்ள

கண்ண மூடிட்டு எடுங்க. 2500க்கு புது வண்டி எங்க கெடைக்கும்.

புதுகை_மலர்

வேணாங்க. அது அந்தப் புள்ளைக்கு குடுத்தது. இன்னைக்கு பஸ் வருது, நாளைக்கு அந்த டிரிப்ப நிறுத்துனா அவ எதுல போவா? அப்பா கையில காசு வாங்கிட்டா அது அவளுக்கு கெடைக்கப் போறதும் இல்ல. எங்க ஊர்லயே பாத்திருக்கேன்.

தவிர, உங்க மருமக அரசுப் பள்ளிக்கூடமா இல்ல அரசு உதவி பெறுற பள்ளிக்கூடமா? அப்படின்னா பதினொண்ணாவது போறப்ப அவளுக்கே ஒண்ணு வரும். அப்ப நீங்க இப்ப பூட்டுற சைக்கிள் நாலு வருஷம் ஓடுனா போதும், அதையும் கணக்குல சேத்துக்கங்க.

அப்புறம் இன்னொண்ணு கேக்கணும். இத்தன ஆம்பளைங்க பேசுறீங்களே, அந்தப் பொண்ணுகிட்ட யாராவது கேட்டீங்களா, லேடீஸ் சைக்கிள்தான் வேணுமான்னு? எங்கம்மா சைக்கிள் கத்துக்கிட்டது அறிவொளி இயக்கத்துல, 1992 வாக்குல, புதுக்கோட்டையில ஊர் ஊரா பொம்பளைங்க கூட்டம் கூட்டமா சைக்கிள் பழகுன நேரம். லேடீஸ் சைக்கிள் எங்கயும் கெடைக்கல, அத்தன பேரு வாங்குனாங்க. அதனால எங்கம்மா பழகுனது தாத்தாவோட பார் வச்ச பெரிய சைக்கிள்ல. கடைசி வரைக்கும் அதையேதான் ஓட்டுனாங்க, ஏன்னா பார்ல என்னைய உக்கார வைக்கலாம், பின்னாடி கேரியர்ல தண்ணிக் கொடம். லேடீஸ் சைக்கிள்ல அந்த வசதி இல்லம்பாங்க.

தேனிக்காரன்82

மலர் அக்கா, சரியா சொன்னீங்க, அந்த இலவச சைக்கிள் வேணாம்னுட்டேன். மருமக படிக்கிறது அரசுப் பள்ளிதான்.

அவகிட்டயும் கேட்டேன். பார் இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரியாம், ரோஸ் கலர் மட்டும் இருக்கக் கூடாதாம், முன்னாடி கூடை இருக்கவே கூடாதாம், "கூடை வச்சா என்னைய கடைக்கு அனுப்புவாங்க மாமா". மாட்டுக்கொட்டாயில கெடக்கறது ரோஸ், கூடையோட.

பால்ரஸ்பாண்டி

ஹாஹா. கூடைய கழட்ட ஒரு ஸ்பேனர் போதும். பெயிண்ட் கடைசி வேலை. எல்லாரும் பெயிண்ட்லதான் ஆரம்பிப்பாங்க, பளபளன்னு அடிச்சு வச்சுட்டு அச்ச கழட்ட சுத்தியல்ல நாலு போடு போட்டதும் பெயிண்ட் பேந்துரும்.

இப்ப வேலைய ஆரம்பிங்க. மொத நாள் எதையும் கழட்டாதீங்க. எல்லா நட்டுலயும் மண்ணெண்ணெயோ டீசலோ ஊத்தி ராத்திரி முழுக்க ஊற விடுங்க. மறுநாள் வீலு ரெண்டையும் கழட்டுங்க. அப்புறம் பெடல். எடது பெடல் மறை மாத்தி இருக்கும், வலது பக்கம் திருகுனாத்தான் கழலும், இது தெரியாம மறைய சிரைச்சவங்க ஊருக்கு பத்து பேரு. நடு அச்சுல வலது பக்க கப்பும் மாத்து மறைதான், அது நல்லா இருந்தா கழட்டவே வேணாம், எடது பக்க கப்ப மட்டும் கழட்டி அச்ச உருவிக்கலாம்.

கிராங்குல, அத அச்சோட சேத்துப் புடிக்கிற காட்டர் பின்னு இருக்கும். இங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க. நட்ட முழுசா கழட்டிட்டு மறை மேலயே அடிக்காதீங்க. நட்ட பின்னோட முனைக்கு சமமா இருக்குற வரைக்கும் லூஸ் பண்ணி, கிராங்குக்கு அடியில ஒரு இரும்புக் குழாய தரையில இருந்து முட்டுக் குடுத்து, நச்சுன்னு ஒரே அடி. சும்மா தட்டிக்கிட்டே இருந்தா பின்னு வளைஞ்சுரும்.

பால்ரஸ், அதாவது அச்சு சுத்துறதுக்கு உள்ள போடுற இரும்புக் குண்டு, அதோட கணக்கு எழுதி வச்சுக்கங்க. நடு அச்சுக்கு ரெண்டு நூல் (கால் இஞ்ச்) பால்ரஸ் பக்கத்துக்கு 11. பின் வீலுக்கும் ரெண்டு நூல், பக்கத்துக்கு 9. முன் வீலுக்கு ஒன்றரை நூல், பக்கத்துக்கு 10. பழைய குண்ட திருப்பிப் போடாதீங்க, எல்லாம் சேத்தாலும் அம்பது அறுவது ரூவாக்கு மேல வராது. குண்டு உக்கார அச்சுல திருகுற கோன எடுத்து வெளிச்சத்துல பாருங்க, குண்டு ஓடுற தடத்துல அம்மை போட்ட மாதிரி புள்ளி இருந்தா கோன் மட்டும் மாத்துங்க, ஹப்ப மாத்த வேணாம். கணக்குப்புள்ளயோட 4730ல ஹப்பு காசு 500 இங்கயே மிச்சமாச்சா?

யாழ்சில்லு

தம்பி, நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். உந்தக் கதையை வாசிக்க எங்கட பழைய காலம் ஞாபகம் வருது. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை இருந்த நேரம் பெற்றோல் இல்லை, எல்லாமே சைக்கிள்தான், விறகு, நெல்லு மூட்டை, வருத்தக்காரர் எண்டு எல்லாத்தையும் சைக்கிள்ள ஏத்தித்தான் கொண்டு போறது. புதுச் சாமான் வராது. ரயர் வெடிச்சா உள்ளுக்க பழைய ரயர்த் துண்டொண்டை வெட்டி வைச்சிட்டு ஓடுவம். கறன்ட் இல்லாத காலத்தில சைக்கிளைக் கவிட்டு வைச்சு சில்லைச் சுத்தி டைனமோவில றேடியோ கேட்ட சனம் நாங்கள். ஒரு பிரேம் ரெண்டு மூண்டு பேரின்ர சாமானோட ஓடினது எங்கட வீட்டிலயும் இருந்தது, பிரேம் அப்பாவின்ர, முன் சில்லு பெரியப்பாவின்ர, சீற் ஆற்றையோ தெரியாது.

எண்டபடியால் பிரேம் நல்லா இருந்தா எறியாதேங்கோ எண்டுதான் சொல்லுவன். ஆனா சில்லில மட்டும் காசைப் பாக்காதேங்கோ. கறள் (துரு) பிடிச்ச றிம்மில பிரேக் பிடிக்காது, பிள்ளை ஓடுற சைக்கிள் அது.

இப்ப இஞ்ச ஜப்பானில இருந்து வாற பாவிச்ச சைக்கிள்தான் பொம்பிளைப் பிள்ளையளுக்கு வாங்குறவை. அதுவும் அனேகமா நீங்கள் சொன்ன 26 × 1 3/8 தான், ரயர் லேசா எடுக்கலாம்.

தேனிக்காரன்82

யாழ் அண்ணே, நன்றி. எனக்கு டயர் லேசா கெடைக்கல, அத கேளுங்க.

நேத்து சின்னமனூர் போய் "26 இஞ்ச் டயர் ரெண்டு"ன்னு வாங்கிட்டு வந்தேன். வீட்ல வந்து மாட்டுனா தொளதொளன்னு... இல்ல, மாத்திச் சொல்றேன், ரிம்முக்கு மேல ஏறவே இல்ல. கரண்டிக் காம்பு ரெண்டு வளைஞ்சது, அம்மா ரெண்டு நாளா பேசல. பாத்தா டயர்ல 26 × 1.75, 47-559ன்னு போட்டிருக்கு. ரெண்டும் 26 தானேய்யா?

பால்ரஸ்பாண்டி

நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும், என் தப்பு. 26ங்கறது டயரோட வெளி விட்டத்துக்கு வச்ச பேரு. ரிம்முல உக்கார்ற எடத்தோட விட்டம்தான் அந்த 590, 559. உங்க ரிம்மு 590 மி.மீ., நீங்க வாங்குனது 559. மூணு செண்டிமீட்டர் சின்னது, ஆயுசுக்கும் ஏறாது. எப்பவும் பழைய டயர கையோட எடுத்துட்டுப் போங்க, இல்ல அந்த மூணு இலக்க நம்பர எழுதிட்டுப் போங்க. 20 இஞ்ச்லயும் இதே கூத்து உண்டு, 1.75ன்னா 406, 1 3/8ன்னா 451. பூட்டுறவன் காசு போறது பாதி இந்த மாதிரி எடத்துலதான்.

டயர் அழுக்காகலைன்னா திருப்பி எடுத்துக்குவாங்க, சிரிச்ச மொகமா போங்க.

கணக்குப்புள்ள

நான் எதுவும் சொல்லல. சும்மா வந்து எட்டிப் பாத்துட்டுப் போறேன்.

தேனிக்காரன்82

எடுத்துக்கிட்டாரு, அம்பது ரூவா புடிச்சுக்கிட்டாரு.

பையன் சைக்கிள் விசயம்: மதுரையில ஒருத்தர் ஆன்லைன்ல போட்டிருந்தாரு, 20 இஞ்ச், 1500, படத்துல புதுசு மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு நேர்ல போய் பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுத்திருக்கேன், கீழ போட்டிருக்கேன். அவரு வீட்டு வாசல்லதான் நிக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்க.

பால்ரஸ்பாண்டி

வேணாம். வந்துருங்க.

பக்கத்துல இருந்து பாத்தா ஹேண்டில்பார் எறங்குற கழுத்துக் குழாயும் போர்க்கோட மேல்பாதியும் ஒரே கோட்டுல இருக்கணும். இதுல போர்க் பின்னாடி தள்ளி நிக்கிது, முன் சக்கரம் பிரேம்கிட்ட வந்துருச்சு. எங்கயோ செவுத்துல மோதியிருக்கு. கழுத்துக்குக் கீழ, கீழ்க்குழாயோட அடிப்பக்கம் வெரல வச்சு தடவிப் பாருங்க, பெயிண்ட் சுருங்கி மடிப்பு மாதிரி இருந்தா பிரேமும் போச்சு.

தேனிக்காரன்82

மடிப்பு இருக்குண்ணே. பிரேமே மடிஞ்சிருக்கும் போல. வந்துட்டேன். அவரு "சின்னப் புள்ள ஓட்டுறதுதானே"ங்கிறாரு.

புதுகை_மலர்

சின்னப் புள்ள ஓட்டுறதுன்னுதானே நாம இவ்ளோ பாக்குறோம்!

பால்ரஸ்பாண்டி

அடுத்தது பாக்கப் போறப்ப, நான் பாக்குற வரிசைய சொல்றேன். தூக்கிப் புடிச்சு ரெண்டு வீலையும் சுத்தி விட்டு பிரேக் ரப்பருக்கும் ரிம்முக்கும் நடுவுல உள்ள இடைவெளிய பாருங்க, லேசா கோட்டம் இருந்தா பரவால்ல, எடுத்துரலாம், வீலு முட்டை மாதிரி மேலயும் கீழயும் குதிச்சா விட்ருங்க. முன் பிரேக்க புடிச்சுக்கிட்டு வண்டிய முன்ன பின்ன ஆட்டுங்க, கழுத்துல டக்கு டக்குன்னு அடிச்சா கழுத்து பால்ரஸ் வேலை இருக்கு. சீட்டு ஏறி எறங்குதான்னு கண்டிப்பா பாருங்க, துருவுல ஒட்டிக்கிட்ட சீட்டுக் குழாய என்னாலயே கழட்ட முடியாம விட்டது உண்டு, புள்ள வளர்றப்ப சீட்டு ஏறலைன்னா அந்த சைக்கிள் எதுக்கு. டயர் ஓரம் வெடிப்பு வெடிப்பா இருந்தா ஓடாமலே கெடந்து செத்த டயர், 250ய வெலையில கொறைங்க. பில்லு இருக்கான்னு கேளுங்க, இல்லாட்டி பெடல் இருக்குற நடு அச்சுக் குழாய்க்கு அடியிலயோ சீட்டுக் குழாய்லயோ நம்பர் குத்தியிருக்கும், அத ராவி அழிச்சிருந்தா திருட்டு வண்டி, நின்னு பேசாதீங்க.

வால்வும் பாத்துக்கங்க. இப்ப வர்ற சின்ன சைக்கிள்ல நெறைய பைக்குக்கு இருக்குற மாதிரி வால்வு, பங்க்லயே காத்தடிக்கலாம். பழைய மாதிரின்னா வால்டியூப், அதாவது வால்வுல மாட்டுற சின்ன ரப்பர் குழாய், ரெண்டு அடி வாங்கி வீட்ல வச்சுக்கங்க.

வால்பாறை_குளிரு

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். தங்கச்சி குடும்பம் இருக்குறது சமவெளியா, மேடு பள்ளமா? போடி மேட்டுப் பக்கம்னா பிரீவீல் மாத்துறப்பவே 18 பல்லுக்கு பதிலா 20 பல்லு போட்ருங்க. முன்னாடி 44 பல்லுன்னு வச்சா 18ல ஒரு மிதிக்கு வீலு ரெண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி... இருங்க, 44ஐ 18ஆல வகுத்தா 2.44, ரெண்டரை சுத்துகிட்ட. 20 போட்டா 2.2. வெலை கிட்டத்தட்ட அதேதான், மேட்டுல எறங்கித் தள்ளாம போயிருவா. செயின் புதுசு வாங்கும்போதே அந்த அளவுக்கு வெட்டிக்கங்க. எங்க ஊர்ல எல்லாரும் பண்றதுதான்.

தேனிக்காரன்82

கம்பம் பக்கம்தான், வீட்ல இருந்து பள்ளிக்கூடம் போற வழியில ஒரு வாய்க்கால் பாலம், மேடு. 20 பல்லே போட்டுறேன்.

பால்ரஸ்பாண்டி

நல்ல யோசனை குளிரு. எனக்கு தோணல, எங்க ஊர்ல மேடே கெடையாது.

பூட்டுறது ஒண்ணும் புதுசு இல்லைங்கறதயும் சொல்லிக்கிறேன். அம்பத்தூர்ல 1949ல டிஐ சைக்கிள் கம்பெனி ஆரம்பிச்சு ஹெர்குலிஸ் சைக்கிள் வந்த காலத்துல இருந்தே கடைக்கு சைக்கிள் முழுசா வராது, பொட்டியில உதிரியா வரும். எங்கப்பா மாதிரி ஆளுங்கதான் ராத்திரி உக்காந்து பூட்டுவாங்க. அதனால ஒரே கம்பெனி சைக்கிள் ரெண்டு கடையில ரெண்டு விதமா ஓடும். அப்பா பூட்டுனதுல கம்பிய தட்டிப் பாத்தா எல்லாக் கம்பியும் கிட்டத்தட்ட ஒரே சத்தம் வரும். அவரு கண்ண மூடிக்கிட்டு கோட்டம் எடுக்கறத பாத்திருக்கேன். எனக்கு அது வரல, நான் ரிம்முக்கிட்ட சாக்பீஸ் வச்சுத்தான் எடுப்பேன்.

தேனிக்காரரே, அந்தப் பின் வீலு மட்டும் நீங்க கோக்காதீங்க. ஊர்ல வயசான மெக்கானிக் ஒருத்தர் கண்டிப்பா இருப்பாரு, அவருகிட்ட ரிம்மும் கம்பியும் வாங்கிக் குடுத்து பக்கத்துலயே உக்காந்து பாருங்க.

தேனிக்காரன்82 (மூணு வாரம் கழிச்சு)

முடிஞ்சுது மக்களே. லேட்டுக்கு மன்னிக்கணும், காய் பறிப்பு.

பையன் சைக்கிள்: ரெண்டுசக்கரம் சொன்ன மாதிரியே, மதுரையில சித்தி பையன் குடியிருக்குற அப்பார்ட்மெண்ட் குரூப்புல போடச் சொன்னேன். ஒரே நாள்ல நாலு பேரு. ஒரு அம்மா நீலக் கலர் 20 இஞ்ச் 1800க்கு குடுத்தாங்க, பில்லு வரைக்கும் வச்சிருக்காங்க. சீட்டு ஏறி எறங்குச்சு, போர்க் நேரா இருந்துச்சு, பின்னாடி வீலு லேசா கோட்டம். முன் டயர் ஓரம் வெடிப்பு, 250 கொறைக்கச் சொல்லலாம்னு போனேன், அவங்க மோர் குடுத்தாங்க, கேக்க வாய் வரல. டயர் 250, டியூப் 110, பிரேக் ரப்பர் 40, பஸ்ல லக்கேஜ் 100. ஆக 2300.

மருமக சைக்கிள்: ரிம்மு பின்னாடி மட்டும் 450, முன் ரிம்மு மேலாப்புல துரு, மண்ணெண்ணெயும் பாத்திரம் வெளக்குற நாரும் வச்சு தேய்ச்சு எடுத்துட்டேன். கம்பி 200, டயர் ரெண்டு 640, சின்னமனூர் அபராதம் 50, டியூப் ரெண்டு 260, செயின் 180, 20 பல்லு பிரீவீல் 150, பிரேக் ரப்பர் கேபிள் 180, சீட்டு 320, பால்ரஸ் கோன் காட்டர் பின்னு 140, மெக்கானிக் தாத்தா கூலி 600, பெயிண்ட் 260. மொத்தம் 3430. ரெண்டும் சேத்து 5730. மிச்சத்துல ஆளுக்கொரு ஹெல்மெட், ரெண்டும் 900. ஆக 6630.

காட்டர் பின்ன நான்தான் வளைச்சேன். முட்டுக் குடுக்கச் சொன்னீங்க, குடுத்தேன், நட்ட விடச் சொன்னீங்க, மறந்துட்டேன்.

கலர் கருப்பு. தாத்தாவுக்கு எழுவது வயசு இருக்கும், பின் வீல கோத்துக்கிட்டே "இந்த பிரேம் யாருது"ன்னு கேட்டாரு, சொன்னேன், "ஓ, அந்த ரெட்ட ஜடைப் புள்ள, இதுக்கு மொத பஞ்சரே நான்தான் ஒட்டுனேன்"ங்கிறாரு.

கணக்குப்புள்ள

ஏழாயிரத்துக்குள்ள முடிச்சிட்டீங்க, ஒத்துக்கிறேன். மதுரைக்கு ரெண்டு டிரிப்பு பஸ் காசு, மூணு வார ஞாயித்துக்கெழம, ரெண்டு கரண்டி கணக்குல வரல. பரவால்ல விடுங்க. ஆனா இழைய படிக்கிற மத்தவங்களுக்கு: வீட்ல ஏற்கனவே ஒரு நல்ல பிரேமும் ஹப்பும் இருந்ததாலதான் இந்த 3430. காயலான் கடை பிரேம்ல ஆரம்பிச்சா என் 4730தான்.

பால்ரஸ்பாண்டி

அதுல மாத்துக் கருத்தே இல்ல.

தேனிக்காரரே, புது கம்பி கோத்த வீலு, ஓட ஆரம்பிச்சதும் கம்பியெல்லாம் அதது எடத்துல உக்காரும், லூசாகும். ரெண்டு வாரம் ஓட்டுனப்புறம் தாத்தாகிட்ட குடுத்து ஒரு சுத்து டைட் வச்சு கோட்டம் பாக்கச் சொல்லுங்க. காட்டர் பின் நட்டையும் அப்பவே ஒரு முறுக்கு. இத பண்ணாமத்தான் பூட்டுன வண்டிக்கு கெட்ட பேரு வருது.

யாழ்சில்லு

தம்பி, தங்கச்சி பாத்திட்டு என்ன சொன்னவ?

தேனிக்காரன்82

கூடைய எங்க போட்டேன்னு கேட்டா. தேடி எடுத்து கோழி முட்டை வைக்க எடுத்துட்டுப் போயிட்டா.

பாண்டி அண்ணே, ரெண்டு வாரம் ஆயிருச்சு, இன்னைக்கு காலையில தாத்தாகிட்ட கொண்டு போனேன். நாலு கம்பி லூசு. பின்னாடியே மருமகன் அவன் சைக்கிளையும் தள்ளிக்கிட்டு வந்துட்டான், அவனுக்கும் டைட் வைக்கணுமாம். தாத்தா சும்மா ரெண்டு தட்டு தட்டிட்டு அஞ்சு ரூவா கேட்டாரு, அவன் "மாமா தருவாரு"ன்னுட்டான்.